பாறை ஏறும் பெண்களுக்கு பேன்ட்: பெங்களூரில் எதைப் பார்த்து வாங்குவது

ராமநகரா, துரஹள்ளி பக்கம் புதிதாகப் பாறை ஏற வரும் பெண்கள் பெரும்பாலும் ஜிம்முக்குப் போடுகிற லெக்கிங்ஸிலேயே வந்துவிடுகிறார்கள். உள்ளரங்கச் சுவருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் பெங்களூரைச் சுற்றி நமக்குக் கிடைப்பது கிரானைட். ராமநகராவின் பழைய பெயர் க்ளோஸ்பேட், புவியியலாளர்கள் இந்தப் பாறையையும் அந்தப் பெயரில்தான் குறிப்பிடுகிறார்கள். வயது சுமார் 250 கோடி ஆண்டு, மேலே படிகங்கள் கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும். ஷூ ரப்பருக்குப் பிடி கொடுப்பது அந்தச் சொரசொரப்புதான், மெல்லிய பின்னல் துணியை ஒரே சறுக்கலில் நூல் நூலாக இழுத்துவிடுவதும் அதுவேதான்.

அதனால் நிறம், பிராண்டு, விலை மூன்றையும் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தொடை இடுக்கின் வெட்டு, அப்புறம் இடுப்புப் பட்டி, அதற்கப்புறம் துணி. துணி மூன்றாவதாக வருகிறதே என்று தோன்றலாம். துணி சுமாராக இருந்தால் முட்டியில் ஒட்டுப் போட்டு இன்னும் ஒரு சீசன் ஓட்டலாம், வெட்டு சரியில்லாத பேன்ட்டில் காலையே தூக்க முடியாது.

சாதாரண பேன்ட்டில் முன், பின், இரண்டு உள்கால் என்று எல்லாத் தையலும் தொடை இடுக்கில் ஒரே புள்ளியில் வந்து சேரும். காலை அகட்டினால் இழுவை மொத்தமும் அந்தப் புள்ளிக்குத்தான் போகும், கிழிவதும் அங்கேதான். ஏறுவதற்கென்று தைத்த பேன்ட்டில் அந்த இடத்தில் சாய்சதுரமாகவோ நீளவாக்கிலோ ஒரு தனித்துண்டு இருக்கும். தையல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிவிடுவதால் இழுவை பரவிவிடும், ஒரு கால் தனியாக உயரும்போது இடுப்புப் பட்டி கூடவே பின்னால் இறங்காது. அமெரிக்காவின் யோசெமிட்டி பாறைகளில் ஏறிக்கொண்டிருந்த மைக் கிரஹாம் 1982-ல் தொடங்கிய கிராமிச்சி நிறுவனத்தின் பேன்ட்டுகள் இந்த வெட்டுக்காகவே ஏறுபவர்களிடம் பேர் வாங்கின. நம் டெய்லர்களுக்கு இது புதிதே இல்லை, சல்வாரில் காலங்காலமாக இப்படித் துண்டு வைத்துத்தான் தைக்கிறார்கள். கடையில் பேன்ட்டை உள்பக்கம் திருப்பி அந்தத் துண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் துணி எவ்வளவு இழுத்தாலும் சரி, அடுத்த பேன்ட்டுக்குப் போய்விடுங்கள்.

ட்ரையல் ரூமில் கண்ணாடி முன் நேராக நின்று பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்து முட்டியை மார்புவரை கொண்டுவாருங்கள், அப்புறம் குந்தி உட்கார்ந்து இரண்டு முட்டியையும் முடிந்தவரை அகட்டுங்கள், எழுந்து இரண்டு கைகளையும் மேலே நீட்டி ஒரு காலைப் பக்கவாட்டில் தூக்குங்கள். துணி முட்டியைக் கவ்விப் பிடிக்கிறதா, பின்பக்கம் பட்டி இறங்கி முதுகு தெரிகிறதா, தொடையில் இறுகுகிறதா என்று கவனியுங்கள். மூன்றில் ஒன்று நடந்தாலும் பாறையில் அது பத்து மடங்காகத் தெரியும். ஆண்கள் பிரிவில் துணி கெட்டியாக இருக்கிறதே என்று அங்கே போகிற பெண்கள் நிறைய. உடல்வாகு நேராக இருப்பவர்களுக்கு அது பொருந்தலாம். மற்றவர்களுக்குப் பின்புறம் இறுக்கமாகவும் இடுப்பு தொளதொளவென்றும் வரும், அந்தத் தொளதொள பகுதி ஹார்னஸுக்கு (கயிற்றோடு இணைக்க இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டும் பட்டை அமைப்பு) அடியில் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து தோலை அறுக்கும்.

ஹார்னஸ் இருந்தால் கடைக்கு எடுத்துக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதன் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். அந்தப் பட்டைக்கு அடியில் உலோகப் பட்டன், பெல்ட் பக்கிள், சுருக்கு வைத்த தடித்த எலாஸ்டிக், நாடா முடிச்சு என்று எது இருந்தாலும் கயிற்றில் தொங்கும்போது உடம்பின் பாரம் அதை வயிற்றுக்குள் அழுத்தும். தட்டையான, அகலமான பட்டிதான் வேண்டும், நாடா இருந்தால் உள்பக்கமாகக் கட்டுவது போல இருக்கட்டும். இடுப்பிலிருந்து இறங்கிய வெட்டு வேண்டவே வேண்டாம், டி-ஷர்ட் மேலேறியதும் ஹார்னஸ் நேராகத் தோலில் உரசும். உள்தொடைத் தையலையும் விரலால் தடவிப் பாருங்கள். அது தடிப்பாக இருந்தால் ஹார்னஸின் கால் வளையம் தொடையில் இறுகும் நேரத்தில், குறிப்பாக மாதவிடாய் நாட்களில், பேடோடு சேர்ந்து உரசிப் புண்ணாக்கிவிடும். பட்டியாலா மாதிரி ரொம்பத் தொளதொளப்பானவை கால் வளையத்துக்குள் மூட்டையாகச் சேரும், அதுவும் சரிவராது.

இன்னொரு விஷயத்தை யாரும் கடையில் சொல்லமாட்டார்கள். விடிகாலையில் கிளம்பி மதியம்வரை பாறையடியில் இருக்கிறோம், சிறுநீர் கழிக்க ஒதுங்கியே ஆகவேண்டும், அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பது பெரிய தப்பு. பல ஹார்னஸ்களில் கால் வளையங்களைப் பின்னாலிருந்து பிடித்திருக்கும் எலாஸ்டிக் பட்டைகளைக் கழற்ற முடியும். இடுப்புப் பட்டையைத் தொடாமலே பேன்ட்டைக் கீழே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் பேன்ட் தொப்புளுக்கு மேலேவரை ஏறியிருந்தால் பட்டை அதை நசுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஜிப்பும் பட்டனும் இருந்தால் இன்னும் பாடு. தொப்புளுக்குச் சற்றுக் கீழே முடிகிற, வழுக்கலான தட்டை எலாஸ்டிக் பட்டி இந்த வேலைக்கு மிகவும் வசதி. வீட்டிலேயே ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள், மறுபடி மாட்டியதும் சரியாக இருக்கிறதா என்று கூட ஏறுபவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, துணி. பின்னல் துணியில் ஒரு நூல் அறுந்தால் ஓட்டை ஓடிக்கொண்டே போகும், நெய்த துணியில் அப்படி ஓடாது. லேபிளில் நைலான் 90 சதவீதமோ அதற்கு மேலோ, எலாஸ்டேன் 4 முதல் 10 சதவீதம் என்று இருந்தால் கிரானைட்டுக்கு நல்ல கலவை. ஸ்பான்டெக்ஸ், லைக்ரா என்று போட்டிருந்தாலும் அதே இழைதான். உராய்வைத் தாங்குவதில் நைலான் பாலியஸ்டரைவிட ஒருபடி மேல். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) போட்டிருந்தால் 180 முதல் 250 வரை பாருங்கள். போடாவிட்டால் துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், இழை இடைவெளி வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தால் சீக்கிரம் போய்விடும். முட்டிப் பக்கம் இரண்டு விரலால் நன்றாக இழுத்துவிடுங்கள், உடனே பழையபடி ஒட்டிக்கொள்ளாத துணி நாலு முறை ஏறியதும் முட்டியில் பை மாதிரித் தொங்கும். பருத்தி அதிகமுள்ள கெட்டித்துணி போல்டரிங்குக்கு (கயிறில்லாமல் சிறிய பாறைகளில் ஏறுவது) நன்றாகவே இருக்கும், டிசம்பர், ஜனவரியில் போட இதமும் கூட. ஏப்ரல் வியர்வையில் அது நனைந்து கனத்துக் காலில் ஒட்டும்.

எங்கே ஏறுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தேய்கிற இடமும் மாறும். சாவன்துர்காவில் சாய்ந்த பெரும்பாறை, அங்கே வழுக்கினால் முட்டியும் தொடையும் உரசிக்கொண்டே இறங்கும். துரஹள்ளியில் குண்டுப்பாறைகளின் உச்சியில் முட்டி போட்டு ஏறி, உட்கார்ந்தபடி சறுக்கி இறங்குகிறோம், அதனால் முதலில் போவது பின்புறம். முட்டியிலும் பின்புறத்திலும் இரட்டைத் துணி வைத்தவை கிடைத்தால் இந்த இரண்டு இடத்துக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். பாதாமியின் மணற்பாறையில் செங்குத்தான ஏற்றங்கள் அதிகம், அங்கே உராய்வைவிடக் கால் எவ்வளவு அகலும் என்பதுதான் கேள்வி, மெல்லிய பேன்ட்டே போதும்.

கணுக்கால் பக்கம் குறுகியோ எலாஸ்டிக் வைத்தோ இருக்கட்டும், குனிந்தால் ஷூ முனை முழுதாகத் தெரியவேண்டும். குதிகாலை மேலே கொக்கிபோல் மாட்டும்போது தொங்கும் துணி ஷூவுக்கும் பாறைக்கும் நடுவில் போய்விட்டால் கால் வழுக்கும். வெயிலுக்கு முக்கால் பேன்ட் எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான், பாறைக்குப் போகும் வழியெல்லாம் உண்ணிச்செடியும் முள்ளும். பாக்கெட் தொடையின் பக்கவாட்டில் ஜிப்போடு ஒன்று இருந்தால் போதும்.

நிறம் கடைசி என்றேன், ஒரு விதிவிலக்கு உண்டு. ராமநகராவின் உயரமான பாறை முகங்களில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகள் கட்டும், அவை கோபப்பட்டால் உயிருக்கே ஆபத்து. கறுப்பும் கரும்பழுப்பும் தேனீக்களைக் கூடுதலாகச் சீண்டும். சாம்பல், காக்கி, மணல் நிறம் எடுங்கள், பிடி வழுக்காமல் கையில் பூசும் சாக் பொடியும் அதில் அவ்வளவாகத் தெரியாது. அன்றைக்கு வாசனைத் திரவியமும் வேண்டாம்.

எளிதாகக் கிடைக்கிற இடம் டெகத்லான், அங்கே ஏற்றத்துக்கான பிராண்டு சிமோன்ட். பெண்கள் அளவு இல்லையென்றால் மலைநடைப் பிரிவிலும் தேடுங்கள், மேலே சொன்ன சோதனைகளில் தேறினால் பெயர் எதுவாக இருந்தால் என்ன. எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கடைகளில் பொறுமையாகக் கிளறினால் நல்ல நைலான் பேன்ட் மாட்டும், வாங்குமுன் தையல்களை இழுத்துப் பாருங்கள்.

அளவே பொருந்தாதவர்களுக்குத் தைத்துக்கொள்வதுதான் நல்லது. சிக்பேட்டில் நெய்த ஸ்ட்ரெட்ச் துணி கேளுங்கள். டீ-ஷர்ட் போலப் பின்னிய ஃபோர்வே லைக்ராவை எடுத்துக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சிவாஜிநகர், அல்சூர் பக்கம் தமிழ் பேசும் டெய்லர்கள் இருக்கிறார்கள், அதனால் விளக்கிச் சொல்வது சுலபம்: "அண்ணா, சல்வார்ல வைக்கிற மாதிரி நடுவுல துண்டு வச்சு, பாலியஸ்டர் நூல்ல ரெட்டைத் தையல் போடுங்க, முட்டிக்கு உள்பக்கம் இன்னொரு துணி கொடுங்க." ஸ்ட்ரெட்ச் துணிக்கான ஊசி போடச் சொல்ல மறக்காதீர்கள், சாதாரண ஊசியில் தையல் விட்டுவிட்டு விழும். ஏற்கெனவே நீங்கள் வசதியாக உணரும் பேன்ட் ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தால் வேலை பாதி முடிந்தது.

துவைப்பதற்கு உள்பக்கம் திருப்பிக் குளிர்ந்த நீர், நிழலில் காயவைத்தல். சூடும் டிரையரும் எலாஸ்டேனைக் கொல்லும், சாஃப்ட்னரும் வேண்டாம். கிளைம்பிங் ஷூவின் வெல்க்ரோவை மூடிவிட்டுப் பைக்குள் போடுங்கள், அது உரசித் துணியில் பிசிறு கிளப்பிவிடும். முட்டியில் துணி வெளுத்து இழை மெலியத் தொடங்கியதுமே, ஓட்டை விழும்வரை காத்திருக்காமல், உள்பக்கமிருந்து ஒட்டுத் தைத்துவிடுங்கள்.