பெங்களூரில் குடிதண்ணீர்: "வருமா?" என்று மட்டும் கேட்டால் போதாது

பெங்களூரில் வாடகைக்கு வீடு பார்க்கிற நம்மவர்கள் தவறாமல் கேட்பது, "தண்ணி வசதி எப்படிங்க?" வீட்டுக்காரர், "24 மணி நேரமும் வரும்" என்பார். அது பொய் இல்லை. மாடித் தொட்டி நிறைந்திருந்தால் குழாயில் தண்ணீர் வரத்தான் செய்யும். அந்தத் தொட்டிக்கு எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுத்துவிடுவதுதான் பெரிய தவறு. குடிதண்ணீரில் நடக்கும் மற்ற தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

இந்த ஊரில் மூன்று தண்ணீர் ஓடுகிறது: காவேரி, போர் (ஆழ்துளைக் கிணறு), டேங்கர். காவேரி நீர் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியிலிருந்து பம்ப் செய்யப்பட்டு மேடேறி வருகிறது. முதல் கட்டம் 1974இல் வந்தது. நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் தரும் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில்தான் தொடங்கியது. 2007இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்காகப் போடப்பட்ட திட்டம் அது. அல்சூர், ஸ்ரீராமபுரம் மாதிரி பழைய பகுதிகளில் குடிநீர் வாரியத்தின் இணைப்பு பல காலமாக உண்டு. மகாதேவபுரா பக்கம் கதை வேறு. "ஏரியாவுக்குக் காவேரி வந்தாச்சு" என்பார்கள், தெருவில் குழாயும் இருக்கும், கட்டடம் இணைப்பு வாங்கியிருக்காது. குடிநீர் வாரியத்தின் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சரி, பில் இருக்கிறது. அதோடு நிம்மதியாகிவிடக் கூடாது. காவேரி நீர் பல தெருக்களில் தினமும் வருவதில்லை. வந்தாலும் சில மணி நேரம்தான். அது சம்ப்பில், அதாவது கட்டடத்தின் நிலத்தடித் தொட்டியில், விழுகிறது. போதாதபோது போர் தண்ணீரும் அதே சம்ப்பில் விழும், கோடையில் டேங்கர் குழாயும் அதற்குள்தான் இறங்கும். ஜனவரியில் ஒரு முறை பரிசோதித்து "நல்ல தண்ணீர்" என்று முடிவு செய்தவர் ஏப்ரலில் குடிப்பது வேறு தண்ணீர். ஆகவே மழை முடிந்தபின் ஒரு முறை, கோடையில் ஒரு முறை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கட்டடத்தில் காவேரி லைனிலிருந்து நேராக ஒரு குழாய் இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதில் பிடிப்பது மேல். அதிலும் நீண்ட இடைவெளிக்குப் பிறகு முதலில் வருவதைக் குடிக்கப் பிடிக்க வேண்டாம். விநியோகம் நின்று அழுத்தம் குறையும்போது, விரிசல் விட்ட குழாய்க்குள் பக்கத்துச் சாக்கடை நீர் கசிய வாய்ப்புண்டு. கொஞ்ச நேரம் வருவதை வாளியில் பிடித்துக் கழுவ வைத்துக்கொள்ளலாம். நாற்றமோ கலங்கலோ இருந்தால் உடனே குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் முக்கி, எண் குறைவாக இருந்தால் திருப்தி அடைகிறவர்கள் நிறைய. அந்தக் கருவி கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். கிருமி அதற்குத் தெரியாது, உப்புகளில் எது எவ்வளவு என்றும் தெரியாது. பெங்களூர் போர்களில் கவலைப்பட வேண்டிய ஒன்று, கழிவுநீர் கசிவால் சேரும் நைட்ரேட். இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500 இதற்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற வரம்பு வைத்து, எந்தத் தளர்வும் தரவில்லை. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இது மிக ஆபத்து; ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனையே குறைத்துவிடும். கொதிக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்று நம்பிப் போர் தண்ணீரில் பால் பவுடர் கலக்காதீர்கள். கொதித்தால் கிருமி சாகும். நைட்ரேட் போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக இன்னும் செறிவாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. காவேரி நீர் மட்டும் வருகிற வீட்டில் ஆர்.ஓ. (கரைந்த உப்பையும் சவ்வால் வடிகட்டும் கருவி) மாட்டுவது. அந்த நீரில் பொதுவாக உப்பு குறைவு, யு.வி. (புற ஊதாக் கதிரால் கிருமியைக் கொல்லும்) சுத்திகரிப்போ, கொதிக்க வைப்பதோ போதும். வீட்டு ஆர்.ஓ. ஒரு லிட்டர் கொடுக்கச் சுமார் மூன்று லிட்டரை வெளியேற்றும். இவ்வளவு தூரம் ஏற்றி வந்த தண்ணீரைச் சாக்கடையில் விடுவது எனக்கு மனசு ஆறாத விஷயம்.

காசு போட்டுப் பிடிக்கும் ஆர்.ஓ. நிலையத்து நீர் நல்லதுதான், கேனைக் கழுவினால். அந்த நீரில் குளோரின் மிச்சம் இருக்காது, அழுக்குக் கேனில் கிருமி சீக்கிரம் பெருகும். ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள். குவளையை உள்ளே விட்டு மொள்ளாதீர்கள்.

2024 மார்ச்சில் சுமார் 13,900 அரசு போர்களில் 6,900 வற்றியதாகத் துணை முதல்வர் டி.கே. சிவகுமார் சொன்னார். டேங்கர் விலை எகிறியதும், ஐந்து கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் உச்சவரம்பு வைத்தது. தொட்டி காலியான அன்று போன் செய்பவர் என்ன கேட்டாலும் கொடுக்க வேண்டிவரும். முன்கூட்டியே பேசி வையுங்கள். எந்த இடத்துப் போர் என்றும் கேளுங்கள். டேங்கர் தண்ணீர் குளிக்க, துவைக்க. குடிக்க வேறு ஏற்பாடு வேண்டும்.

சம்ப்பைக் கழுவ ஆளை இறக்கும் வழக்கம் இருக்கிறது. மூடியே கிடந்த சம்ப்பில் மூச்சு முட்டி உயிர் போகும். மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விடாமலும், மேலே ஆள் இல்லாமலும் யாரையும் இறக்கக் கூடாது.

அப்புறம், ஊர்த் தண்ணீர். தங்கவயலிலும் கோலார் பக்கத்துக் கிராமங்களிலும் சொந்தம் இருப்பவர்கள், "எங்க ஊர் போர் தண்ணி இனிக்கும்" என்று கேனில் எடுத்துவருவதுண்டு. கோலார், சிக்கபள்ளாபூர் மாவட்டங்களின் ஆழமான போர்கள் பலவற்றில் ஃப்ளோரைடு இருக்கிறது. சுவையில் தெரியாது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பல ஆண்டுகள் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும், பின்னால் எலும்பும் மூட்டும் கெடும். கொதிக்க வைத்தாலும் யு.வி.யில் விட்டாலும் போகாது; ஆர்.ஓ. குறைக்கும். ஊராட்சியில் தண்ணீரைப் பரிசோதிக்கும்போது ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அளவு கூடுதல் என்றால் சோறு வடிக்கவும் குழம்பு வைக்கவும் ஆர்.ஓ. நீரையே எடுக்க வேண்டும். குடிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டு போர் தண்ணீரில் சமைத்தால் ஃப்ளோரைடு சாப்பாட்டு வழியாக உள்ளே போகும்.