பெரிய வயித்து ஒப்பரேசனுக்கு எந்த சேலைன்? தவிர்க்க வேண்டிய பிழைகள்

திருகோணமலைப் பக்கம் புதுசா அனஸ்தீசியாவுக்கு வாற தம்பி தங்கச்சிமாருக்காகத்தான் இதை எழுதுறன். குடல் வெட்டித் தைக்கிற ஒப்பரேசனில மயக்க மருந்துக்குப் பாக்கிற கணக்கில பாதிகூட கொழுவுற போத்தலுக்குப் பாக்கிறதில்ல, கைக்கு எட்டினது நோர்மல் சேலைன் எண்டா அதுதான் ஏறும், முடிஞ்சா அடுத்ததும் அதுதான்.

அதில என்ன பிழை எண்டா, ஒரு லீற்றரில 9 கிராம் உப்பு. மூண்டு லீற்றர் ஏத்தினா 27 கிராம், நிலாவெளி உப்பளத்தை நாளத்துக்குள்ள திருப்பி விட்ட மாதிரி. குளோரைட் லீற்றருக்கு 154 மில்லிமோல், எங்கட ரத்தத்தில 100 சொச்சம்தான், கூடின குளோரைட் ரத்தத்தை அமிலமாக்கும். பிறகு பிளட் காஸ் (ரத்தத்தில அமிலம், ஒட்சிசன் பாக்கிற டெஸ்ட்) ரிப்போட்டில அந்த அமிலத்தைக் கண்டு தண்ணி காணாது எண்டு இன்னுமொரு சேலைன் கொழுவுவாங்க பாருங்க, அங்கதான் கூத்து. ஹார்ட்மன்ஸ் எண்டுற மற்றப் போத்தலில (ரத்தத்தில இருக்கிற உப்புகளுக்குக் கிட்டவான திரவம்) குளோரைட் 111, அனேகமான ஆக்களுக்கு அதுதான் முதல் தெரிவு.

"கிட்னி வருத்தக்காரர், ஹார்ட்மன்ஸில பொட்டாசியம் இருக்கு, வேணாம்" எண்டுறதையும் அடிக்கடி கேப்பீங்க. லீற்றருக்கு 5 மில்லிமோல்தான். சேலைனால வாற அமிலம்தான் செல்லுக்குள்ள கிடக்கிற பொட்டாசியத்தை வெளிய தள்ளிவிடும்.

அதுக்காக சேலைனைத் தூக்கி எறியவும் வேணாம். நாள்கணக்கா சத்தியெடுத்து வயித்து அமிலத்தை இழந்து வந்தவருக்குக் குளோரைட்தான் குறைவு, அவருக்கு சேலைன்தான் சரி, பொட்டாசியமும் பாத்துச் சேர்க்க வேணும். தலைக்காயமும் சேந்து இருந்தாலும் சேலைன். ரத்தம் ஏத்துற லைனில ஹார்ட்மன்ஸ் வேணாம், அதில கல்சியம் இருக்கு. 5 வீத டெக்ஸ்ட்ரோஸ் ரத்தம் போனதுக்கு ஈடு இல்லவே இல்ல, சீனி எரிஞ்சா மிச்சம் வெறும் தண்ணி, சோடியத்தைத்தான் இறக்கும்.

இனி அளவு. வயித்தைத் திறந்து வைச்சிருக்கு எண்டு அள்ளி ஊத்தினா குடல் வீங்கும், தையல் ஆறச் சுணங்கும். ஆனா நல்லா இறுக்கிப் பிடிக்கிறதும் பிழைதான்: 2018இல வந்த ரிலீஃப் ஆய்வில கிட்டத்தட்ட 3000 பேரைப் பாத்தாங்க, குறைச்சுக் குடுத்தவங்களில 8.6 வீதத்துக்குக் கிட்னி பழுது, தாராளமாக் குடுத்தவங்களில 5 வீதம். எபிடூரல் (முதுகில குழாய் வைச்சு விறைக்கப் பண்ணுறது) போட்டாப் பிறகு பிரஷர் விழுந்தா நாளம் விரிஞ்சதாலயா ரத்தம் போனதாலயா எண்டு முதல் பாருங்க, விரிஞ்சதுக்கு மருந்து தான் வேணும், போத்தல் இல்ல. சலம் குறையுது எண்ட ஒரே காரணத்துக்கும் ஊத்த வேணாம், ஒப்பரேசன் நேரத்தில உடம்பு தானாவே சலத்தைக் குறைக்கும்.

மூதூர், கிண்ணியாவில இருந்து வாறவங்க முதல்நாள் இரவில இருந்தே சொட்டுத் தண்ணி குடிக்காமத்தான் வருவாங்க, இந்த வெயிலுக்கு. குடல் அடைப்பு மாதிரி ஒண்டும் இல்லாட்டி ரெண்டு மணித்தியாலம் முன்னம் வரைக்கும் பால் விடாத பிளேன்டீயோ தண்ணியோ குடிக்கலாம் எண்டு வாட்டில சொல்லி வைங்க.

திருப்பி வாட்டுக்கு அனுப்பேக்க ட்ரிப்பை எப்ப நிப்பாட்டுறது எண்டும் எழுதி விடுங்க, இல்லாட்டி சூப்புக் குடிக்கிற ஆளுக்கும் அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கும்.