கார் பந்தயம் தெரியாதவர்கள் 'ரஷ்' பார்ப்பது எப்படி?

எங்கள் அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) பந்தயம் என்றால் ரேக்ளா என்கிற மாட்டுவண்டிப் பந்தயம்தான். பொள்ளாச்சிப் பக்கம் எங்கே வண்டி விட்டாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஃபார்முலா ஒன் என்ற கார் பந்தயத்தின் பேரையே கேட்டிராத அந்த மனுஷனுக்கு ரான் ஹவார்ட் இயக்கிய 'ரஷ்' (2013) படத்தைப் போட்டுக் காட்டினேன். இரண்டு மணி நேரமும் நாற்காலியை விட்டு எழவில்லை. அவருக்குச் சொன்ன வரிசையிலேயே இங்கேயும் சொல்கிறேன்.

படி 1: இரண்டு பேர் போதும்

நிக்கி லாடா, ஆஸ்திரியாக்காரர், சிவப்பு ஃபெராரி. ஜேம்ஸ் ஹன்ட், இங்கிலாந்துக்காரர், சிவப்பும் வெள்ளையுமாக மெக்லாரன். மற்ற பெயர்களை விட்டுவிடுங்கள். ஹன்ட் வரும் ஆரம்பக் காட்சிகளில் படுக்கையறைச் சமாச்சாரம் உண்டு. நான் அப்புச்சி பக்கத்தில் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தேன்.

படி 2: புள்ளிக் கணக்கு

படத்தின் கதை நடக்கும் 1976 சீசனில் மொத்தம் 16 பந்தயங்கள். முதல் ஆறு பேருக்கு 9, 6, 4, 3, 2, 1 என்று புள்ளிகள். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்து, அதிகம் எடுத்தவர் சாம்பியன். அந்த வருஷம் இவர்கள் இருவருக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு புள்ளி. யார் பக்கம் என்று சொல்ல மாட்டேன்.

பந்தயத்துக்கு முன்னால் நடக்கும் தகுதிச் சுற்று அப்புச்சிக்கு உடனே பிடிபட்டது. நம்ம ஊர் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் எல்லைக்கு ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்ப்பார்களே, அந்தக் கணக்குதான். குறைந்த நேரத்தில் சுற்றியவர் முன்வரிசையில் நிற்பார்.

படி 3: டயரைக் கவனியுங்கள்

இது தெரியாவிட்டால் பாதிப் படம் புரியாது. காய்ந்த தடத்துக்கு மொழுக்கென்ற டயர். சூடேறினால் ரோட்டைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் தண்ணீர் பட்டால் சறுக்கும். மழைக்குத் தண்ணீரை வெட்டித் தள்ளப் பள்ளம் போட்ட டயர். அதைக் காய்ந்த ரோட்டில் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்துபோகும். தடம் பாதி ஈரமும் பாதி காய்ந்தும் கிடந்தால் எதை மாட்டுவது? அந்தக் குழப்பத்தோடுதான் ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனியில் பந்தயம் தொடங்கியது.

படி 4: நூர்பர்க்ரிங் வந்ததும் போனைக் கீழே வையுங்கள்

கோவைப் பக்கம் நம்ம செட்டிபாளையத்தில் இருக்கிற பந்தயத் தடம், கரி மோட்டார் ஸ்பீட்வே, சுமார் 2.1 கிலோமீட்டர். அந்த ஜெர்மனிப் பந்தயம் நடந்த நூர்பர்க்ரிங் தடம் 22 கிலோமீட்டருக்கும் மேல், காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும். அவ்வளவு நீளத்துக்குத் தீயணைப்பு ஆட்களை நிறுத்த முடியாது. பந்தயமே வேண்டாம் என்றார் லாடா. மற்ற ஓட்டுநர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது சுற்றில் தீப்பிடித்தது அவருடைய வண்டியே. பின்னால் வந்த ஓட்டுநர்கள்தான் தங்கள் கார்களை நிறுத்திவிட்டு அவரை இழுத்துப் போட்டார்கள்.

ஆறே வாரத்தில் இத்தாலியில் மீண்டும் காரில் ஏறினார். நான்காவது இடம். தீக்காயத்தின் மேல் ஹெல்மெட்டை மாட்டும் காட்சியில் அப்புச்சி, "ஏங்கண்ணு, புண்ணு ஆறாமயே வண்டி பூட்டீட்டானா?" என்றார். அப்புறம் ஒரு நிமிஷம் டிவியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படத்தில் இருவரும் கீரியும் பாம்புமாகத் தெரிவார்கள். நிஜத்தில் நண்பர்கள். அந்தப் பகையைச் சினிமாவுக்காகக் கொஞ்சம் ஊதிவிட்டதாகவே எனக்குப் படுகிறது. படத்துக்கு அது நல்லதுதான்.

படி 5: காதால் கேளுங்கள்

படம் பிடித்திருந்தால், பந்தயம் இருக்கிற நாளாகப் பார்த்து செட்டிபாளையம் போங்கள். கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் என்று கூட வருபவர்களிடம் பெருமையடித்துக்கொள்ளலாம். தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு அவசியம். அப்புச்சியைக் கூட்டிப் போனபோது பஞ்சு வேண்டாமென்று தள்ளிவிட்டார். முதல் சுற்று முடிவதற்குள் துண்டை அவிழ்த்துக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். கடைசி வரை அவிழ்க்கவுமில்லை, கிளம்பலாம் என்று சொல்லவுமில்லை.