வேப்ப முண்டில் ஒரு கிண்ணம்

வேப்பமரத்தில் கட்டி மாதிரி புடைத்திருக்குமே, அந்த முண்டுதான் எனக்கு வேண்டியது. மர ரேகை நாலாபக்கமும் சுழன்றோடுவதால், மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் லேத்தில் சட்டென்று பிய்ந்துகொள்ளும். மழுங்கிய உளியோடு கிட்டே போகாதீர்கள்.

பச்சையாக இருக்கும்போதே முதல் கடைசல். 10 அங்குலக் கிண்ணமென்றால் சுவரை 1 அங்குலக் கனத்துக்கு விடுங்கள். மெழுகு பூசி நிழலில் வைத்து, மாதம் ஒருமுறை தராசில் போட்டு எடையைக் குறித்து வையுங்கள். எடை இறங்குவது நின்றால் காய்ந்துவிட்டது. அதற்குள் தாறுமாறாகக் கோணியிருக்கும். அந்தக் கோணலை இரண்டாம் கடைசலில் சீவி எடுக்கத்தான் அந்த 1 அங்குலம்.

இரண்டாம் கடைசலில், பொந்துக்குள் ஒளிந்திருக்கும் பட்டைத் துண்டு தெறிக்கும். என் முகக்கவசத்தில் அந்தக் கீறல் இன்னும் இருக்கிறது. தளர்ந்த இடத்தில் சூப்பர் க்ளூ சொட்டிவிட்டு, குறைந்த வேகத்திலேயே தொடங்குங்கள். விளிம்பைச் செதுக்கச் சின்ன உளி போதும்.

ஆளிவிதை எண்ணெய் தேய்த்ததும் மரத்தில் புள்ளிப்புள்ளியாகக் கண் போன்ற சுழிகள் விழிக்கும். வீட்டில் எல்லோரையும் கூப்பிடுவேன், யாரும் வருவதில்லை.