பாட்டியின் ஒரு நாளை எழுதி வைப்பது எப்படி

பாட்டி இறந்து மூன்றாவது வாரம், அவரைப் பற்றி ஒரு பக்கமாவது எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். "அன்பானவர், பொறுமைசாலி, குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்" என்று எழுதினேன். அதற்கு மேல் ஓடவில்லை. படித்துப் பார்த்தால் யார் வீட்டுப் பாட்டிக்கும் அப்படியே பொருந்தும். என் பாட்டி அதில் இல்லை.

அறுபது வருஷம் ஒரு வீட்டை நடத்தியவருக்குச் சான்றிதழ் கிடையாது, கையெழுத்துப் போட்ட கோப்பு கிடையாது. செய்த வேலை எல்லாம் அன்றன்றைக்கே தீர்ந்துபோகிற வேலை. மடித்த துணி சாயங்காலமே கலைந்துவிடும், துடைத்த தரையில் யாராவது செருப்போடு நடந்துவிடுவார்கள். தேடிச் சேர்த்தால்தான் உண்டு. இரண்டு வருஷமாக நான் சேர்த்துவருகிறேன். அதில் கற்றுக்கொண்டதையும் கெடுத்துக்கொண்டதையும் சொல்கிறேன்.

எது முதலில் போகுமோ, அதை முதலில்

நான் ஆல்பத்தில் ஆரம்பித்தேன். அது தப்பு. ஆல்பம் இன்னும் பத்து வருஷம் அலமாரியில் கிடக்கும். அந்த இடைவெளியில் என் சித்தி போனை மாற்றினார். பாட்டி அனுப்பிய நாலு வருஷக் குரல் செய்திகள் பழைய போனோடு போய்விட்டன. என்னிடம் மிச்சம் இருப்பது பதினோரு வினாடி: "அந்தக் குழாயை இறுக்கி மூடுன்னு எத்தனை தடவை சொல்றது... இது ஓடுதா இல்லையா?"

வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்தது 2013-இல். யாருடைய போனில் எது கிடக்கிறது என்று முதலில் எல்லோரிடமும் கேளுங்கள். உரையாடலுக்குள் போய், மீடியாவோடு ஏற்றுமதி செய்யும் வசதியைப் பயன்படுத்திக் கணினிக்குக் கொண்டுவாருங்கள். குடும்பக் குழுவில் அனுப்பிவிட்டால் பத்திரம் என்று நினைக்க வேண்டாம். அங்கே இரண்டே நாளில் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் புதைந்துவிடும்.

பழைய ஆடியோ கேசட்டில் அவர் குரல் இருந்தால், போடுவதற்கு முன்னால் அதன் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சின்ன பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுங்கள். கை தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. வெகுநாள் சுற்றாமல் கிடந்த நாடா என்றால் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திருப்பிச் சுற்றிவிட்டு அப்புறம் கேளுங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் போடவே வேண்டாம், இந்த வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். கணினியில் ஏற்றும்போது ஒலித் தரம் குறையாத வேவ் (WAV) கோப்பாக ஏற்றுங்கள். உறவினர்களுக்கு அனுப்ப அளவு சிறிதான எம்பி3 (MP3) போதும்.

குரலை விடச் சீக்கிரம் போவது ஒன்று உண்டு: பாட்டியின் தலைமுறை ஆட்களின் ஞாபகம். பாட்டியின் தங்கைக்கு எண்பத்தி நான்கு வயது. அவரிடம் அடுத்த மாதம் போகலாம் என்று மூன்று தடவை தள்ளிப்போட்டேன். நான்காம் முறை போனபோது காது பாதி கேட்கவில்லை. கேள்விகளைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டித்தான் பதில் வாங்கினேன்.

குணத்தைக் கேட்காதீர்கள், பழக்கத்தைக் கேளுங்கள்

"பாட்டி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லோரும் "தங்கமானவர்" என்பார்கள், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதில் நான் கேட்டவை இப்படி: எந்தப் பொருளைத் தூக்கி எறிய விடவே மாட்டார்? ராத்திரி கடைசியாக எந்த விளக்கை அணைப்பார்? கோபம் வந்தால் பேசாமல் இருப்பாரா, அதிகமாகப் பேசுவாரா? உடம்பு சரியில்லாத அன்று எந்த வேலையை விடுவார், எதை அப்போதும் விடமாட்டார்?

கடைசிக் கேள்விக்கு, நான் கேட்ட மூன்று பேரும் ஒரே பதில் சொன்னார்கள். காய்ச்சலாக இருந்தாலும் சாயங்காலம் கொடியில் காயும் துணியை அவரேதான் எடுப்பாராம். வேறு யார் எடுத்தாலும் சட்டையின் உள்பக்கத்தை வெளியே திருப்பாமல் மடித்துவிடுவார்கள் என்று பயம். என் மாமா இதைச் சொல்லும்போது சிரித்தார். இன்றைக்கும் அவர் சட்டையைத் திருப்பித்தான் மடிக்கிறாராம்.

இப்படி வந்த பதில்களை ஒரு நாளின் மணிக்கணக்கில் அடுக்குங்கள். விடிகாலையில் என்ன, பிள்ளைகள் கிளம்பின பிறகு என்ன, மதியம் எல்லோரும் தூங்கும்போது என்ன. எந்த வருஷத்து நாள் என்பதையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன காலத்துப் பாட்டி வேறு, பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துபோன காலத்துப் பாட்டி வேறு. நான் இரண்டு நாட்களாக எழுதினேன். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரை என்ன செய்தார் என்பது இரண்டிலும் காலியாகவே இருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.

ஆளுக்கு ஒன்று சொன்னால் சமரசம் செய்ய வேண்டாம். பாட்டி கண்டிப்பானவர் என்கிறார் அம்மா. கண்டிப்பா, அவரா என்கிறார் கடைக்குட்டி சித்தி. இரண்டையும் பெயர் போட்டு எழுதிவிடுங்கள். முதல் பிள்ளைக்கும் கடைசிப் பிள்ளைக்கும் நடுவில் பதினான்கு வருஷம் இருக்கிறதே.

பாட்டி இன்னும் உங்களோடு இருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். ஆனால் எதிரே உட்கார்ந்து பேட்டி எடுக்காதீர்கள். "என்கிட்ட என்ன இருக்கு சொல்றதுக்கு" என்று எழுந்து போய்விடுவார். கையில் வேலை இருக்கும்போது பேசவிடுங்கள், பதிவு செய்வதையும் சொல்லிவிடுங்கள். விசிறியை நிறுத்துங்கள், போனை மடித்த துண்டின் மேல் வையுங்கள். மேசை அதிர்வு பதிவில் ஏறாது. களைத்தால் விட்டுவிடுங்கள், நாளைக்கு மீதி.

படங்களில் அவரைத் தேடுவது

எங்கள் வீட்டு ஆல்பங்களில் பாட்டி நடுவில் நிற்கும் படம் இரண்டுதான். மற்றதில் எல்லாம் ஓரத்தில் இருப்பார், அல்லது பாதி வெட்டுப்பட்டிருப்பார், அல்லது மடியில் இருக்கும் குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே படத்தில் யார் முக்கியமோ அவரை விட்டுவிட்டு, பின்னணியைப் பாருங்கள். மாமாவின் முதல் சைக்கிள் படத்தில் கதவிடுக்கில் ஒரு கையும் வளையலும் தெரிகின்றன. அது பாட்டிதான்.

ஸ்கேனரில் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற அளவு) வையுங்கள். ஸ்டாம்ப் அளவுப் படங்களுக்கு 1200. போனில்தான் எடுக்க முடியும் என்றால் ஃப்ளாஷ் இல்லாமல், ஜன்னல் வெளிச்சத்தில், படத்துக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். பசைப் பக்கமும் பிளாஸ்டிக் மூடியும் கொண்ட ஆல்பம்தான் தொல்லை. பாட்டியின் இரண்டு படங்களில் ஒன்றை அவசரமாகப் பிய்த்து மூலையைக் கிழித்தவன் நான். பக்கத்தோடு சேர்த்து முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். பிறகு டென்டல் ஃப்ளாஸ் என்று விற்கும் பல் இடுக்கு நூலைப் படத்துக்குப் பின்னால் விட்டு மெதுவாக அறுப்பதுபோல் இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, விட்டுவிடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடவே வேண்டாம்.

படத்தின் பின்னால் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் தடம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால் லேசாக எழுதுங்கள். வழவழப்பான கலர் படத்தில் பென்சில் பிடிக்காது, அதைக் காகித உறையில் போட்டு உறை மேல் எழுதுங்கள். எழுதும்போது "மாமா", "பெரியம்மா" என்று விடாதீர்கள். எங்கள் ஆல்பத்தில் "மாமா" என்று மட்டும் எழுதிய ஏழு படங்கள் இருக்கின்றன, ஏழும் ஒரே ஆள் இல்லை. முழுப்பெயர், பாட்டிக்கு என்ன உறவு, யார் அடையாளம் சொன்னது, இந்த மூன்றும் வேண்டும். வருஷம் நிச்சயமில்லை என்றால் "சுமார்" என்று சேர்த்துவிடுங்கள்.

கணினிக் கோப்புகளுக்குக் காப்பகக்காரர்கள் சொல்லும் கணக்கு எளிது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். என்னுடையவை கணினியிலும் வெளி ஹார்ட் டிஸ்கிலும் இருக்கின்றன, மூன்றாவது பிரதி சித்தி வீட்டில். குரல் செய்திகளைத் தொலைத்தவரிடமா என்று அம்மா கேட்டார். அதனால்தான், இனி அவர் தொலைக்கமாட்டார்.

பொருள்கள்

பங்கு பிரிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் அது அது இருந்த இடத்திலேயே படம் எடுத்துவிடுங்கள். எந்தத் தட்டில் எது இருந்தது என்பதே பாதிப் பாட்டி. நாங்கள் பொத்தான் டப்பாவைப் பிரித்த பிறகுதான் அது ஏன் தையல் பெட்டியில் இல்லாமல் வாசல் பக்க மாடத்தில் இருந்தது என்று யோசித்தோம். பள்ளிக்கு ஓடும் பிள்ளையை நிறுத்திப் பொத்தான் தைப்பதற்கு.

புடவைகளைத் துவைத்து நன்றாகக் காயவைத்தே எடுத்து வையுங்கள். வியர்வைக் கறை பின்னால் மஞ்சளாகும். பிளாஸ்டிக் பை வேண்டாம், பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் மடித்த இடம் நைந்துபோகாது. வாசனைக்காக ஒன்றைத் துவைக்காமல் வைத்திருந்தேன். ஒரு வருஷத்தில் அது வெறும் அலமாரி வாசனை ஆகிவிட்டது.

அப்புறம், தேய்ந்த பொருள்களைத் தேடுங்கள். பாட்டியின் மர அகப்பையை யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துவந்தேன். அதன் முனை ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. கையில் பிடித்தால் ஏதோ இடறியது, பழையது அதனால் என்று விட்டுவிட்டேன். போன மாதம் வீட்டுக்கு வந்த தங்கை மகள் அதை எடுத்து வெறும் பாத்திரத்தில் கிண்டி விளையாடினாள். சரிந்த முனை பாத்திரத்தின் அடியில் அப்படியே படிந்தது. அவள் இடது கைக்காரி.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "வலது கையிலதானே எழுதுவாங்க?" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆமா, எழுதறது மட்டும் வலது கை" என்றார் அப்புறம். நோட்டில் காலை ஆறு மணி என்ற இடத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் சேர்த்துக்கொண்டேன்: இடது கை.