பட்டியலில் இருக்கிறது, தேடினால் வரவில்லை

வடசென்னையில் வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் பழைய படிப்பகங்களின் பதிவேடுகளை இளைஞர்கள் கணினியில் ஏற்றுகிறார்கள். நல்ல காரியம். நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகள் திரும்ப வருவதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறோம். எழுத்துப்பிழை, விட்டுப்போன விலை எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பாமினியில் தட்டச்சு

வேண்டாம். பாமினி பழைய தமிழ் எழுத்துரு; திரையில் தமிழாகத் தெரிந்தாலும் கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசியில் வெறும் குப்பையாகத் தெரியும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு மட்டும். ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால், தமிழ்த் தலைப்பும் ஆசிரியர் பெயரும் உள்ள பத்திகளை (column) மட்டும், பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் (converter) போடுங்கள். முழுத் தாளையும் போட்டால் ஆங்கிலப் புத்தகங்களின் பெயர் சிதைந்துவிடும். முதலில் 20 வரி மாற்றி, பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்.

ஔகாரத்துக்கு ளகரம் போடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பெரம்பூரிலிருந்து ஒருவர் வந்து ‘பௌத்தம்’ என்று தேடுகிறார். ‘இல்லை’ என்கிறது திரை. புத்தகமோ அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில். ஏற்றியவர் ப, ஒற்றைக்கொம்பு, ள என்று அடித்து ‘பெளத்தம்’ ஆக்கியிருக்கிறார். எழுத்தையும் குறியையும் தனித்தனியாக எண்ணும் எக்ஸெலின் LEN-இல் நீளம் பாருங்கள்: சரியான சொல்லுக்கு 7 வரும், தவறானதற்கு 8. கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொற்கள்.

இதைவிடப் பெரிய சேதம் திருத்தும்போது நடக்கிறது. ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்ந்து வரும் இடத்தையெல்லாம் ஒரே அழுத்தில் ஔகாரமாக மாற்றுகிறார்கள். வெளிச்சம், வெள்ளம், தெளிவு, கெளுத்தி எல்லாம் அந்த நிமிடமே உடைந்துபோகும். சேமித்து மூடிவிட்டால் மீட்க வழியில்லை. பதிவேட்டை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கோப்பை நகலெடுங்கள். பிறகு சொல் சொல்லாக மாற்றுங்கள்: பெளத்த, மெளன, கெளர, கெளதம, பெளர்ணமி, லெளகீக. நூலகப் பட்டியலில் இப்படி வருபவை கொஞ்சம்தான். ‘ஒளவை’யை ‘ஔவை’ ஆக்கும்போதும் முழுச் சொல்லாகவே மாற்றுங்கள், இல்லையென்றால் ‘ஒளி’ போய்விடும். புதிதாக ஏற்றுபவருக்குத் தமிழ்99 விசைப்பலகை பழக்குங்கள்: ப அடித்து ஔ அடித்தால் பௌ வந்துவிடும், ளகரத்துக்கு வேலையே இல்லை.

எண்களை எக்ஸெல் போக்கில் விடுவது

புத்தகத்தின் 13 இலக்க அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 9.78E+12 என்பதுபோல் சுருங்கிக் காட்டும். 0012 என்ற சேர்க்கை எண் (நூலகம் ஒவ்வொரு புத்தகத்துக்கும் தரும் பதிவு எண்) 12 ஆகும். தட்டத் தொடங்கும் முன்பே அந்தப் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று மாற்றுங்கள். சிஎஸ்வியாக (CSV, வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்கும்போது, தமிழ் கெடாமல் இருக்க யுடிஎஃப்-8 (UTF-8) வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே பென்டிரைவ்

மூன்று நகல், அதில் ஒன்று வேறு கட்டடத்தில், மாடியில். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இங்கே தரைத்தளங்களில் தண்ணீர் புகுந்தது.

பழைய பதிவேட்டை எடைக்குப் போடுவது

கூடவே கூடாது. வாங்கிய தேதி, நன்கொடையாளர் பெயர், அடித்தல் திருத்தல் எல்லாம் அதில் மட்டும்தான் இருக்கின்றன.