மிதக்கும் ஃப்ளை: முள்ளிலும் கையிலும் நடக்கும் தவறுகள்

கடலில் ஸ்ட்ரைப்டு பாஸ் மீனைப் பிடிக்க மிதக்கும் ஃப்ளையை (தூண்டில் முள்ளில் கட்டும் செயற்கை இரை) வீட்டிலேயே கட்டப் பழகுபவர்களுக்கு நான் சொல்வது கர்க்லர் என்ற வகையைத்தான். பாஸ்டனைச் சேர்ந்த ஜாக் கார்ட்சைட் உருவாக்கியது. ஒரு முள், வாலுக்குக் கொஞ்சம் மயிர், ஒரு ஃபோம் பட்டை, நூல். அவ்வளவுதான்.

நன்றாக மிதக்கட்டும் என்று ஃபோமைத் தடிமனாக மடித்துக் கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. முள்ளின் தண்டுக்கும் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி அடைபட்டுவிடும். மீன் கவ்வினாலும் முள் தைக்காது. 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஃபோம் போதும், அதுவும் தண்டுக்கு மேல்பக்கம் மட்டும். மெல்லிய நூலை எடுத்த எடுப்பிலேயே இறுக்கினால் ஃபோம் அறுந்துவிடும். தடித்த நூலில் முதல் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டுவிட்டு இறுக்குங்கள். வெறும் தண்டின் மேல் கட்டிய ஃபோம் சுழலும். அடியில் நூல் சுற்றி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விடுங்கள். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபோம் உதட்டைச் சற்று நீளமாகவே விட்டு, தண்ணீரில் இழுத்துப் பார்த்து நறுக்குவது நல்லது.

லீடருக்கு, அதாவது தூண்டில் லைனையும் ஃப்ளையையும் இணைக்கும் மெல்லிய இழைக்கு, ஃப்ளோரோகார்பன் வேண்டாம். அது மூழ்கும், ஃப்ளையின் மூக்கையும் கீழே இழுக்கும். சாதாரண நைலான் போதும்.

இனி கை. ட்ரௌட் மீன் பிடித்துப் பழகியவர்கள், பாஸ் பாய்ந்து தண்ணீர் வெடித்ததுமே தூண்டில் கோலைத் தூக்கிவிடுகிறார்கள். நானும் எத்தனையோ பேரிடம் மன்றாடியிருக்கிறேன்: தூக்காதீர்கள்! பாஸ் முதல் பாய்ச்சலில் பெரும்பாலும் ஃப்ளையைத் தவறவிடும். அந்த நேரம் கோலைத் தூக்கினால் ஃப்ளை ஆகாயத்துக்குப் போய்விடும், மீனுக்கு இரை காணாமல் போகும். கோலின் நுனி தண்ணீரை ஒட்டி, ஃப்ளையை நோக்கியே இருக்கட்டும். சத்தத்தைக் கேட்டு எதுவும் செய்யாமல், இடது கையால் லைனை இழுத்துக்கொண்டே இருங்கள். கனம் கையில் தெரிந்த பிறகு அதே கையால் நீளமாக ஓர் இழுப்பு. தவறினாலும் ஃப்ளை அங்கேயே கிடக்கும். பல சமயம் மீன் திரும்பி வந்து அடிக்கும்.

விடாமல் வேகமாக இழுப்பதும் கெடுதல். ஒரு இழுப்பு, ஒரு நிறுத்தம். அடி விழுவது அந்த நிறுத்தத்தில்தான். அலை புரளும் நாளில் மிதக்கும் ஃப்ளை எழுப்பும் மேற்பரப்புச் சலசலப்பு எடுபடாது, அன்று மூழ்கும் ஃப்ளைக்கு மாறிவிடுங்கள்.

அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் 2023-இல் 28 முதல் 31 அங்குலத்துக்குள் இருக்கும் பாஸை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றானது. பிடிக்கும் மீன்களில் பலவற்றைத் திருப்பி விட வேண்டியிருக்கும். ஆகவே நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் குட்டி முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். ஃப்ளையைக் கட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். கட்டிய பின் நசுக்கும்போது முள் உடைந்தால் ஃப்ளையே போயிற்று.